பழைய ஐ5, புதிய செலரான்

கையில் 25,000 ரூபாயோடு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் புறப்படுகிறவருக்கு இன்றைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பெட்டி பிரிக்காத புது லேப்டாப். உள்ளே இன்டெல் செலரான் என்4500 அல்லது அதன் பங்காளிகளில் ஒன்று, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வெளியே ஓராண்டு வாரன்டிச் சீட்டு. இன்னொன்று, ஏதோ ஒரு கம்பெனியின் மேசையில் ஐந்தாறு வருடம் உழைத்துவிட்டு வெளியே வந்த டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற மூன்று குடும்பங்கள்தான் இந்தச் சந்தையில் பெரும்பங்கு. உள்ளே 8ஆம் தலைமுறை கோர் ஐ5, பெரும்பாலும் ஐ5-8500.

முதலாவதை வாங்கப் போன் போதும். இரண்டாவதற்குச் சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போவார்கள். அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள சந்துகளையும் சேர்த்தே எல்லோரும் ரிச்சி தெரு என்கிறார்கள். கம்பெனிகள் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி அல்லது குத்தகைக்கு எடுத்து, குறிப்பிட்ட வருடங்கள் ஆனதும் ஓடுகிறதோ இல்லையோ மொத்தமாகக் கழித்துவிடும். பழம்பெட்டிகள் ஒரே மாடலில் நூற்றுக்கணக்கில் வந்து குவிவதும், ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் அதனால்தான். இந்தக் கடைசி விஷயத்துக்குத் திரும்ப வருவேன்.

எந்தத் தேவைக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வேர்டு, எக்செல், வாட்ஸ்அப் வெப், வருமான வரித் தாக்கல், சிலர் வீட்டில் டேலி, பிரின்ட் எடுப்பது. இவ்வளவுதான். கேம் ஆடுகிறவருக்கும் வீடியோ எடிட் செய்கிறவருக்கும் இந்தக் கட்டுரை உதவாது.

மேசையை விட்டு நகராத கம்ப்யூட்டர் என்றால் பழைய பெட்டியைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அது மலிவு என்பதற்காக அல்ல. மலிவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெட்டி மட்டும் 14,000 ரூபாயை ஒட்டி வரும். அதோடு பழைய 22 அங்குல மானிட்டர் ஒரு 4,000, யுபிஎஸ் 3,000, வெப்கேம் 1,200, கீபோர்டு மவுஸ் 800. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது, ஏனென்றால் அலுவலகத்தில் லேன் கேபிள் இருந்தது. ஆகவே யுஎஸ்பி டாங்கிள் ஒரு 500. கூட்டினால் 23,500. சில பெட்டிகளின் பின்னால் டிஸ்பிளேபோர்ட் மட்டுமே இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது. அதற்கு ஒரு கன்வர்ட்டர் கேபிள். ஏறக்குறைய அதே 25,000தான். விலைகள் தோராயமானவை, வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகின்றன. ஆனால் "செகண்ட் ஹேண்ட் வாங்கினால் பாதி மிச்சம்" என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மானிட்டரும் கீபோர்டும் ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் மட்டும் அந்த நம்பிக்கை பலிக்கும்.

செலவு சமம் என்றால், அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

பிராசசரில் தொடங்கலாம். ஐ5-8500 வந்தது 2018இல். ஆறு கோர்கள், 65 வாட் வகை. செலரான் என்4500 வந்தது 2021இல். இரண்டு கோர்கள், 6 வாட் வகை. தேதியில் செலரான் இளையது. வேலையில் பக்கத்தில்கூட நிற்காது. பேட்டரியைச் சேமிப்பதற்கென்றே வடிவமைத்த சிக்கனச் சில்லு அது, விசிறிகூட இல்லாமல் ஓடும். ஒரே ஒரு வேலையைக் கொடுத்தால் சமாளிக்கும். வீடியோ வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடிஎஃப் திறந்து, பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டும் இறங்கத் தொடங்கினால் மவுஸ் முள் நின்று நின்று நகரும். கடை ஷோரூமில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே ஒரே ஒரு வேலைதான் ஓடும். செலரானுக்கு அடுத்து வந்த என்100 எவ்வளவோ தேவலை: 2023இல் வந்தது, நான்கு கோர்கள். ஒரு புது மலிவு லேப்டாப் வாங்கியே தீர வேண்டுமென்றால் இரண்டு கோர் சில்லு எதையும் தொடாமல் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

பழைய பெட்டி விற்பவரும் யோக்கியர் என்று சொல்லவில்லை. "ஐ7 சார், எஸ்எஸ்டி போட்டிருக்கு, பறக்கும்" என்பார். ஐ7 என்று சொல்லி, எந்தத் தலைமுறை என்று சொல்லாமல் விட்டால் அந்த வாக்கியத்தில் தகவலே இல்லை. ஐ7-3770 என்பது 2012இன் சரக்கு. 2017 கடைசியில் வந்த ஐ3-8100 பெயரில் சின்னதாக இருந்தாலும் அன்றாட வேலைக்கு அதைவிட உதவும். கோடுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. நான்கு இலக்கத்துக்குப் பதில் ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு எண்கள். பதிவு ஆண்டைக் கேட்காமல் பழைய கார் வாங்குவதும், தலைமுறையைக் கேட்காமல் ஐ7 வாங்குவதும் ஒன்றுதான்.

தலைமுறை எண்ணில் 8 என்பது தற்செயலான கோடு அல்ல. அதைக் கிழித்தது மைக்ரோசாஃப்ட். 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளியானபோது, இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எதற்கும் ஆதரவில்லை என்று அறிவித்தார்கள். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்றார்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஐ5-7500 உள்ள பெட்டி அன்றாட வேலைக்கு இன்றும் தாராளம். 2017இன் சரக்கு அது. ஐ5-8500க்கும் அதற்கும் ஓராண்டு இடைவெளிதான். ஆனால் ஒரு பக்கம் விண்டோஸ் 11 முறையாக ஏறும், மறுபக்கம் ஏறாது. சந்தை இதைச் சட்டென்று புரிந்துகொண்டது. ஏழாம் தலைமுறைப் பெட்டிகளின் விலை சரிந்தது, எட்டாம் தலைமுறை விலை பிடித்துக்கொண்டு நிற்கிறது. "எய்த் ஜென்னா?" என்பதுதான் ரிச்சி தெருவில் வாங்குகிறவர் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி.

இந்தக் கோட்டில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், பாதி இருக்கிறது. 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகளுக்குப் பிறகு பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படக் காரணம் உண்டுதான். ஆனால் எட்டாம் தலைமுறைச் சில்லுகளில் பலவற்றுக்கும் அதே ஓட்டைகள் இருந்தன. ஆகவே ஏழு தள்ளுபடி, எட்டு சேர்த்தி என்பதில் பொறியியல் கொஞ்சம், வியாபாரம் கொஞ்சம். விதியை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தரும் கடைக்காரர்கள் உண்டு. அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

லினக்ஸ் போடுவதில் தயக்கம் இல்லாதவருக்கு இந்தக் கோடே கிடையாது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டியில் லினக்ஸ் மின்ட் சுகமாக ஓடும். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. டேலி ஓட்டுகிறவர், ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகுகிறவர், பழைய பிரின்டரை விடாமல் வைத்திருப்பவர் ஆகியோர் மட்டும் விண்டோஸோடு இருப்பது மேல். அந்த டோக்கனின் டிரைவர் லினக்ஸில் படுத்தும் பாட்டை ஆடிட்டர் அலுவலக உதவியாளர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி எஸ்எஸ்டி. பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று புலம்புகிற வீடுகளில் பிராசசர் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். குற்றவாளி ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. தேவையான துண்டு தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர எட்டு ஒன்பது மில்லிசெகண்டு. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் எடுத்துத் தர அந்த இயந்திரத்தால் முடியாது. இது இயற்பியல், எந்த மென்பொருளும் இதை மாற்றாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு வாசிப்புகளைக் கேட்கிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல ஆயிரம் வாசிப்புகளைத் தந்துவிடும், ஏனென்றால் அதில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. நேராக ஒரு பெரிய கோப்பைப் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி, என்விஎம்இ எஸ்எஸ்டி 3,500 எம்பி என்று விளம்பரங்கள் ஒப்பிடும். அன்றாடப் பயனருக்கு அந்த எண்கள் முக்கியமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்குப் போகும்போது வாழ்க்கை மாறும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது ரசீதில் உள்ள எண்தான் மாறும். பிரவுசரில் வேலை செய்கிறவரை இரண்டு கணினி முன்னாலும் மாற்றி மாற்றி உட்கார வைத்தால் எது எது என்று சொல்வது கடினம்.

இதில் புது லேப்டாப்புக்கும் எஸ்எஸ்டி உண்டு, பழைய பெட்டிக்கும் உண்டு, சமம். ஆனால் இன்னும் கீழே இறங்கி, 18,000க்குக் கிடைக்கிறதே என்று 64 ஜிபி இஎம்எம்சி உள்ள லேப்டாப்பை எடுத்துவிடக் கூடாது. அந்தச் சேமிப்புச் சில்லு மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் ஓரிரு வருடத்தில் அதை நிரப்பிவிடும். அதற்குப் பிறகு கழற்றிப் பெரிதாக்க வழியே கிடையாது.

ஒட்டியதா, கழற்றக்கூடியதா என்ற இந்தக் கேள்விதான் என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். எந்தக் கணினியிலும் ஏதாவது ஒரு பாகம் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்கு இழுக்கும். 2015இல் அது ஹார்ட் டிஸ்க். இப்போது பெரும்பாலும் ரேம். நான்கு வருடம் கழித்து எதுவென்று யாருக்குத் தெரியும்? அந்தப் பாகம் எதுவானாலும் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு போட முடிந்தால் கணினி பிழைக்கும்.

ஆப்டிபிளெக்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பக்கவாட்டு மூடியை ஒரு தாழ்ப்பாளை இழுத்தால் கழற்றிவிடலாம். உள்ளே கை வைக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் நீல நிறம் கொடுத்திருப்பார்கள். எச்பியில் அது பச்சை. அலுவலகத்தில் ஒரு ஐடி உதவியாளர் ஒரு நாளில் இருபது கணினிகளைப் பார்க்க வேண்டும், ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கட்ட அவருக்கு நேரமில்லை. அந்தச் சௌகரியம் அப்படியே நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஆப்டிபிளெக்ஸ் 3060 சிறு பெட்டியில் ரேமுக்கு இரண்டு இடம், 7060இல் நான்கு. ஹார்ட் டிஸ்க் மாட்ட இடம் இருக்கிறது, எம்.2 எஸ்எஸ்டிக்கும் தனி இடம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை யூடியூப் பார்த்து இதையெல்லாம் மாட்டிவிடும். விசிறியில் படிந்த தூசியைத் தட்டி, பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

மலிவு லேப்டாப்பில் நிலைமை நேர்மாறு. பல மாடல்களில் ரேம் ஒட்டியதாகவே வருகிறது. சிலவற்றில் ஒரே ஓர் இடம் உண்டு. கீபோர்டில் ஒரு பட்டன் போனால் மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் கீபோர்டைப் பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். திரையைத் தாங்கும் கீல் மெலிந்த பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். மூன்றாவது வருடம் அது பிய்ந்துகொண்டு வருவதைச் சர்வீஸ் கடைகளில் தினமும் பார்க்கலாம். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. 25,000 ரூபாய்க்குள் திரை, பேட்டரி, கேமரா, கீபோர்டு எல்லாம் தர வேண்டுமென்றால் எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டு விழுவது வாங்கும் அன்று கண்ணில் படாத இடங்களில்.

இத்தனை சொன்னாலும் பழைய பெட்டியின் குறைகளை மறைத்தால் அது ஒப்பாய்வு ஆகாது. முதல் குறை, கரண்ட். டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலைக்கு 60 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். சின்ன லேப்டாப் 15 வாட். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒன்று 21.6 யூனிட், மற்றது 5.4 யூனிட். வித்தியாசம் 16 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஏசி ஓடி ஸ்லாப் விளிம்பில் நிற்கிற வீட்டில் அந்த 16 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். கரண்ட் போனால் யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், சேவ் செய்து அணைக்க மட்டும். அந்த யுபிஎஸ் பேட்டரியையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லேப்டாப்புக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், வாடகை வீட்டில், ஒற்றை அறையில் இருப்பவருக்கு லேப்டாப் பக்கம் தராசு சாய்வது நியாயம்தான்.

இரண்டாவது குறை, பவர் சப்ளை. எல்லாம் கழற்றலாம் என்று சொன்னேனே, இது அதற்கு விதிவிலக்கு. பிராண்ட் பெட்டிகளின் பவர் சப்ளை அளவும் இணைப்பும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. தெருமுனைக் கடையில் விற்கும் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை அதற்குள் போகாது, போனாலும் பிளக் சேராது. இங்கேதான், ஒரே மாடல் நூற்றுக்கணக்கில் குவிகிறது என்று ஆரம்பத்தில் சொன்னது உதவிக்கு வருகிறது: அதே மாடலின் இன்னொரு பெட்டியிலிருந்து கழற்றிய பவர் சப்ளை ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ இருப்பவர் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். சிறு பெட்டியின் பவர் சப்ளை 200 வாட்டைச் சுற்றியே இருக்கும் என்பதால் பின்னாளில் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடும் ஆசையையும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, வீடியோ. யூடியூப் இப்போது ஏவி1 என்ற புது வடிவத்தில் நிறைய வீடியோக்களைத் தருகிறது. என்100 சில்லில் அதைப் பிரிக்கத் தனிச் சுற்று இருக்கிறது. ஐ5-8500இல் இல்லை, ஆறு கோர்களின் பலத்தில் சமாளிக்கும், விசிறி கொஞ்சம் சத்தம் போடும். புதுச் சில்லு உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் இது. செலரான் என்4500இலும் அந்த வசதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஏஐ வசதி இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2024இல் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிச் சில்லும் 16 ஜிபி ரேமும் வேண்டும். நாம் பேசும் இரண்டும் அந்தப் பக்கமே போகாதவை. பிரவுசரில் ஓடும் ஏஐ சேவைகளுக்கு அது தேவையும் இல்லை.

வாரன்டிதான் பெரும்பாலோரைப் புது லேப்டாப் பக்கம் இழுப்பது. பழைய பெட்டிக்குக் கடைக்காரர் தருவது ஒரு மாதமோ ஆறு மாதமோ. அதிலும் எழுத்தில் இருப்பது கொஞ்சம், வாயில் இருப்பது மிச்சம். ஆகவே வாரன்டியை நம்புவதைவிடக் கடையிலேயே பத்து நிமிடம் நின்று பார்ப்பது மேல். டெல் பெட்டியில் ஏழு எழுத்து சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும். அதை டெல்லின் சப்போர்ட் தளத்தில் போட்டால் பெட்டி எந்த மாதம் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது, அன்று அதற்குள் என்னென்ன இருந்தன என்று வந்துவிடும். கடைக்காரர் சொல்வதும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். பயாஸுக்குள் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய கம்பெனி வைத்த பாஸ்வேர்டு இன்னும் கேட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது. தேதி 2018க்கோ அதற்கும் முன்னாலோ போய் நின்றால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் சில்லறைக் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில ரூபாய் சமாசாரம்.

விண்டோஸ் லைசன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகள் பிறந்தபோதே பெரும்பாலும் விண்டோஸ் புரோ லைசன்ஸோடு பிறந்தவை. அந்தச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை ஏற்றி இணையத்தோடு இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். சில கடைகளில் அந்தச் சிரமம் எதற்கென்று குறுக்கு வழி மென்பொருள் ஒன்றை ஓட்டி விடுகிறார்கள். அது கம்பெனிகளுக்கான முறையைப் போலி செய்வது. அந்த முறையில் 180 நாளுக்குள் புதுப்பித்தாக வேண்டும். அரை வருடம் கழித்துத் திரையின் மூலையில் எச்சரிக்கை எழுத்து வந்து நிற்கும்போது ரசீதைத் தேடிப் பயனில்லை. அதைவிட மோசம், அந்தக் குறுக்கு வழி மென்பொருளோடு வேறு என்னவெல்லாம் உள்ளே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நெட் பேங்கிங் செய்யப்போகும் கணினி அது.

கல்லூரிக்குத் தூக்கிப் போக வேண்டிய பிள்ளைக்கு இந்தப் பெட்டியெல்லாம் ஆகாது, சரி. அதற்காகச் செலரானைத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. பெட்டிகள் வந்த அதே வழியில் அலுவலக லேப்டாப்புகளும் வருகின்றன. 2018இன் லெனோவோ திங்க்பேட் டி480இல் ரேமுக்கு இரண்டு இடம், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கையால் கழற்றி மாட்டும் இன்னொரு பேட்டரி. அடுத்த வருடத்து டி490இல் ஒரு ரேமை ஒட்டிவிட்டார்கள், வெளிப்பேட்டரியும் போயிற்று. ஒரே வருடத்தில், ஒரே குடும்பத்தில், கழற்றும் உரிமை இப்படிச் சுருங்கியது. ஆனால் டி480க்கும் ஒரு வியாதி உண்டு: அந்தக் காலத்து திங்க்பேட்களின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் இருந்த பிழையால் யுஎஸ்பி-சி போர்ட் செயலிழக்கும். லெனோவோ திருத்தம் வெளியிட்டது; வாங்குகிற கணினியில் அது ஏற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய லேப்டாப் என்றால் பேட்டரிச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும், அதுவும் நல்ல பேட்டரிக்கு. மெத்தென்று உப்பிய டச்பேடு கண்ணில் பட்டால் அடியில் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். பேரம் பேசாமல் நகர்ந்துவிடலாம்.

கடைசியாக ரேம். இதில் பழைய அறிவுரை தலைகீழாகிவிட்டது. 4 ஜிபியில் விண்டோஸ் 11 நிறுவ முடியும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும் அதில் வாழ முடியாது. 8 ஜிபி குறைந்தபட்சம். 16 ஜிபி என்றால் நான்கைந்து வருடம் அந்தப் பேச்சே எழாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டாகப் போடுவது சிறப்பு, ஏனென்றால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் ஓடும். இதெல்லாம் மாறவில்லை. மாறியது விலை. "இப்போதைக்கு 8 போதும், பின்னால் விலை இறங்கியதும் சேர்த்துக்கொள்" என்றுதான் இருபது வருடமாகச் சொல்லிவந்தோம். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி சில்லுகள் மொத்தமாகப் போகத் தொடங்கியதும் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. கடைகளில் எல்லோருக்கும் பழக்கமான குருஷியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டே விலகுவதாக அதன் தாய் நிறுவனமான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நெருக்கடி புது லேப்டாப்புகளையும் விடாது. அதே விலைக்கு 8 ஜிபி இருந்த இடத்தில் 4 ஜிபி வந்து உட்காரலாம்.

ஆகவே இன்றைக்கு ரிச்சி தெருவில் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டால், 2,000 ரூபாய் குறைவாக 8 ஜிபியோடு வருவதை விட்டுவிட்டு ஏற்கெனவே 16 ஜிபி டிடிஆர்4 செருகியிருப்பதை எடுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் ஒன்று சேராது என்பதால் வீட்டில் கிடக்கும் பழைய ரேமைக் கொண்டுபோய்ப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, ரேம் ஒன்றா இரண்டா என்று கண்ணால் பார்த்துவிட்டு, சீரியல் எண்ணோடு பில் கேளுங்கள். கடைக்காரர் திறக்கத் தயங்கினால் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.